கோலம் யாருடையது?

(குயிலாப்பாளையத்தில் நடந்த கூட்டமைப்பின் காலாண்டுக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர முடியாத உறுப்பினர்களுக்காக இங்கே தருகிறோம். ஊக்குநர்கள் இதைக் குழுக் கூட்டத்தில் படித்துக் காட்டவும்.)



வழக்கமாக இந்தக் கூட்டத்தில் நாம் என்ன பேசுவோம்? சேமிப்பு எவ்வளவு, உள்கடன் எவ்வளவு, தவணை யார் பாக்கி. இன்றைக்கு நாங்கள் கோலத்தைப் பற்றிப் பேசப் போகிறோம். "என்னடா இது, காலையில வாசல்ல போட்டுட்டுத்தான வந்தோம், இங்கயும் கோலமா?" என்று சிரிக்காதீங்க. ஒரு கோலத்தால் ஒரு குழு உடையப் பார்த்தது. அதை முதலில் சொல்கிறோம். ஊர்ப் பெயரும் ஆள் பெயரும் சொல்ல மாட்டோம். தெரிந்தவர்கள் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ள வேண்டாம்.

நம் கூட்டமைப்பில் ஒரு குழு துணிப்பை தைக்கிறது. அதில் ஒரு அக்கா 7 புள்ளி சிக்குக் கோலத்தைப் பையின் மேல் சங்கிலித் தையலாகப் போட்டார். கீழ் மூலையில் வருகிற வளைவை மூடாமல் கொஞ்சம் விரித்து, மீன் வால் மாதிரி ஆக்கிவிட்டார். பார்க்க அவ்வளவு அழகு. மெயின் ரோட்டில் ஒரு கடைக்காரர் பை ஒன்று 120 ரூபாய் என்று எடுத்துக்கொண்டார். இரண்டு மாதம் நன்றாகப் போனது. மூன்றாவது மாதம் அதே கடையில் அதே மீன் வால் கோலம் போட்ட பை 95 ரூபாய்க்குத் தொங்கியது. அதைத் தைத்தது நம்முடைய இன்னொரு குழு!

அந்த அக்கா கூட்டத்துக்கு வருவதை நிறுத்திவிட்டார். அவரோடு நெருக்கமாக இருந்த நான்கு பேரும் நிறுத்தினார்கள். மூன்று கூட்டம் சேமிப்பு வரவில்லை. வங்கித் தவணை தள்ளிப் போனது. அதற்கும் மேலே, ஒருத்தர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்துவிட்டது: "எங்க தெருக் கோலம் அவங்க தெருவுக்கு எப்படிப் போச்சு?" இந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கு நாங்கள் விளக்க வேண்டியதில்லை. பை சண்டை அத்தோடு தெருச் சண்டையாக மாறியது.

களத்து மேட்டில் நடந்தது

நாங்கள் இரண்டு குழுவையும் ஒரு களத்து மேட்டுக்குக் கூப்பிட்டோம். நியாயம் பேசவில்லை. கோலமாவு வைத்தோம். "ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல அந்தக் கோலத்தைப் போடுங்க" என்றோம். போட்டார்கள். முகத்தைப் பார்க்காமல் போட்டார்கள், ஆனால் போட்டார்கள்.

முதல் அக்காவைக் கேட்டோம், "இது எங்கே கத்துக்கிட்டீங்க?"

"இது என்னுது" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "எங்கம்மா போட்டுக்கினு இருந்தது. மரக்காணத்துல அம்மா வீடு. ஆனா அம்மா கோலத்துல இந்த வால் கெடயாது" என்றார்.

அடுத்த குழுத் தங்கச்சியைக் கேட்டோம். "பையைப் பாத்துத்தான் போட்டேன், இல்லேன்னு சொல்லல. ஆனா எனக்குத் தையல் அவ்வளவு நைசா வராது. அதனால ரெட்டைக் கம்பியா இழுத்துட்டேன்" என்றது. உற்றுப் பார்த்தால் உண்மைதான். அதன் கோலத்தில் கோடு எல்லாம் இரட்டை.

அந்தப் பக்கம் ஆடு ஓட்டிக்கொண்டு வந்த ஒரு பாட்டி நின்று பார்த்தார். "இத்தப் போய் சண்டையா போடுறீங்க? அந்தக் காலத்துல வாரப் பத்திரிகையில மார்கழி மாசம் வருமே, அதுல வந்த கோலம்தான இது" என்றார். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். இரண்டு பேர் மட்டும் சிரிக்கவில்லை. யார் என்று உங்களுக்கே தெரியும்.

அன்றைக்கு முழுவதும் நாங்கள் யோசித்தோம். அந்தக் கோலம் யாருடையது? பத்திரிகையுடையதா? மரக்காணத்து அம்மாவுடையதா? வால் வைத்த அக்காவுடையதா? இரட்டைக் கம்பி இழுத்த தங்கச்சியுடையதா?

பார்த்துப் போடுவது தப்பா?

சகோதரிகளே, நாம் எல்லோரும் பார்த்துத்தான் கற்றுக்கொண்டோம். நடக்க, பேச, சோறு வடிக்க, நாற்று நட, எல்லாம் ஒருத்தரைப் பார்த்து இன்னொருத்தர் கற்றதுதான். மனிதர்களுக்கு இருக்கிற பெரிய பலமே அதுதான். பறவை கூடு கட்டும். ஆனால் பாட்டி கட்டிய கூட்டைவிடப் பேத்தி கூடு ஒரு படி மேலே என்று தலைமுறை தலைமுறையாக ஏறிக்கொண்டே போவதை அங்கே நாம் பார்ப்பதில்லை. மனிதர்களிடத்தில் அது நடக்கிறது. இதை மூன்று படியாகச் சொல்லலாம்.

முதல் படி, பார்த்துக் கற்பது. இரண்டாம் படி, கொஞ்சம் மாற்றுவது. தெரிந்தே மாற்றலாம், மறந்துபோய் மாறலாம், கை வராமலும் மாறலாம். மூன்றாம் படி, நாலு பேருக்குப் பிடித்தது நிற்பது, பிடிக்காதது போவது. மறுபடியும் நின்றதைப் பார்த்து அடுத்தவர் கற்பது. விதை நெல் எடுக்கிற மாதிரிதான். வயலில் எல்லாக் கதிரும் ஒன்று போல இருக்காது. நல்ல கதிரைப் பார்த்து எடுத்து வைத்தோம். பல தலைமுறை எடுத்து வைத்துத்தான் நம்மிடம் இத்தனை நெல் ரகம் வந்தது. பண்பாட்டிலும் அப்படித்தான் நடக்கிறது. படித்தவர்கள் இதைப் பண்பாட்டுப் பரிணாமம் என்று சொல்கிறார்கள்.

நம் வாசலிலேயே பாருங்கள். அரிசி மாவில் போட்டது கல்மாவுக்கு மாறியது. வெள்ளை மட்டும் இருந்த இடத்தில் கலர்ப் பொடி வந்தது. கோலப் புத்தகம் வந்தது. ஒட்டுகிற ஸ்டிக்கர் வந்தது. இப்போது செல்போனில் பார்த்துப் போடுகிறோம். ஸ்டிக்கரில் கை வேலை இல்லை, அதனால் அதில் யாரும் எதையும் மாற்றுவதில்லை. செல்போனில் பார்த்துப் போட்டாலும் கை நம்முடையது. அங்கே ஒரு மாற்றம் வரத்தான் செய்யும்.

அதனால் பார்த்துப் போட்டது தப்பில்லை. யாரைப் பார்த்துப் போட்டோம் என்பதை மறைத்ததும், அவர் பிழைப்பில் கை வைத்ததும்தான் தப்பு. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பாதிச் சண்டை தீரும்.

"எனக்கு என்னம்மா தெரியும்?"

குழுக்களில் நாங்கள் அதிகம் கேட்கிற வார்த்தை இதுதான். "நாங்க படிக்கல, எங்களுக்கு டிசைன் எல்லாம் தெரியாது." இதற்கு ஒரு பதில் சொல்கிறோம்.

தாம்பரத்தில் சென்னை கிறித்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே கிப்ட் சிரோமணி என்று ஒரு பேராசிரியர் இருந்தார். அவரும் ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் என்ற இரண்டு பெண் அறிஞர்களும் சேர்ந்து 1974-ல் கோலத்தைப் பற்றி ஒரு ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினார்கள். எதில் தெரியுமா? கம்ப்யூட்டர் படம் வரைவது பற்றிய வெளிநாட்டு ஆராய்ச்சிப் பத்திரிகையில்! பேச்சுக்கு இலக்கணம் இருப்பது போலக் கோலத்துக்கும் இலக்கணம் இருக்கிறது, சில சின்ன வளைவுகளும் சில விதிகளும் தெரிந்தால் எத்தனையோ கோலத்தை உண்டாக்கலாம் என்று காட்டினார்கள். இன்றைக்கும் உலகத்தில் பல நாட்டுக் கணித அறிஞர்கள் கோலத்தைப் படிக்கிறார்கள்.

அந்த இலக்கணத்தை உண்டாக்கியது யார்? எந்தப் பல்கலைக்கழகமும் இல்லை. பள்ளிக்கூடம் பக்கமே போகாத நம் பாட்டிமார்கள். பெயர் எழுதி வைக்காமல் போய்விட்டார்கள். தினமும் சாயங்காலத்துக்குள் மிதிபட்டு அழிந்து போகிற ஒன்றில் இவ்வளவு அறிவை வைத்துக் கைமாற்றி விட்டார்கள். இனிமேல் "எனக்கு என்ன தெரியும்" என்று சொல்வதற்கு முன்னால் ஒரு தடவை உங்கள் வாசலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கோட்டுக்குத் தெரு தெரியாது

இப்போது அந்தத் தெரு வார்த்தைக்கு வருகிறோம். இதைச் சொல்லாமல் விட்டால் இன்றைக்குப் பேசியதில் அர்த்தமே இல்லை.

2021-ல் ஒரு ஆராய்ச்சி வெளிவந்தது. தமிழ்நாட்டுப் பெண்கள் 192 பேர் வரைந்த 3,139 கோலங்களை ஆராய்ச்சியாளர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு கோலத்திலும் கை எந்த வளைவுக்குப் பின் எந்த வளைவுக்குப் போகிறது என்று கணக்குப் போட்டார்கள். சாதிக்குச் சாதி கோலம் மாறுகிறதா, தெருவுக்குத் தெரு மாறுகிறதா, பிறந்த ஊரைப் பொறுத்து மாறுகிறதா என்பதுதான் கேள்வி.

கிடைத்த விடை என்ன? சாதி, தெரு, சொந்த ஊர் இதனாலெல்லாம் வருகிற வித்தியாசம் ரொம்பக் கொஞ்சம். பெரிய வித்தியாசம் ஒவ்வொரு பெண்ணின் கைப்பழக்கத்திலும் அனுபவத்திலும்தான் இருக்கிறது. அதாவது, ஒரு கோலத்தைப் பார்த்து இது இந்தச் சாதி வீட்டுக் கோலம் என்று சொல்வது கஷ்டம். இது இந்த அக்கா கை என்று சொல்வதற்குத்தான் அதில் அதிகம் இருக்கிறது.

யோசித்துப் பாருங்கள். நம்மை ஒரே கிணற்றில் தண்ணீர் எடுக்க விடாத காலம் இருந்தது. ஒரே தெருவில் நடக்க விடாத காலம் இருந்தது. அப்போதும் கோலம் எல்லாத் தெருவுக்கும் போயிருக்கிறது. வயலில் களை எடுக்கும்போது, முந்திரிக்கொட்டை பொறுக்கும்போது, வேலைக்குப் போன வீட்டு வாசலில், மாமியார் வீடு போகும்போது, ஒருத்தர் கையைப் பார்த்து இன்னொருத்தர் கற்றிருக்கிறார்கள். ஆண்கள் போட்ட வேலியைத் தாண்டி நம் கை போயிருக்கிறது. அப்படிப் போன கோலத்தை வைத்தே வேலி போடலாமா? சொன்னவர் இங்கேயே உட்கார்ந்திருக்கலாம். அவரைக் குறை சொல்ல நாங்கள் வரவில்லை. கோபத்தில் வந்த வார்த்தை. ஆனால் அந்த வார்த்தை அந்தத் தங்கச்சிக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்று நினைத்துப் பார்க்க வேண்டும்.

கஷ்டத்திலும் கை சும்மா இருக்காது

புதுசாக ஒன்று எப்போது பிறக்கும்? நிம்மதியாக உட்கார்ந்து யோசித்தால்தான் பிறக்கும் என்று நினைக்கிறோம். பல தடவை நெருக்கடியில்தான் பிறந்திருக்கிறது.

ஈரோடு மாவட்டம் பவானி ஜமக்காளம் எல்லோருக்கும் தெரியும். 19-ம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்து மில் துணி வந்து குவிந்தபோது கைத்தறிக்காரர் பிழைப்பு போனது. அப்போது அங்கிருந்த ஜங்கமர் நெசவாளர்கள் மொத்தமான கலர் நூலில் பட்டை பட்டையாக ஒரு விரிப்பு நெய்தார்கள். அதுதான் பவானி ஜமக்காளம். பிறகு விசைத்தறி ஜமக்காளம் போட்டிக்கு வந்தது. இன்றைக்குப் பவானி ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. இது தனி ஒரு ஆளின் உரிமை இல்லை. அந்த ஊரில் அந்த முறையில் செய்கிற எல்லோருக்கும் சேர்ந்த உரிமை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறோம்.

நம் பக்கத்திலேயே ஒன்று சொல்கிறோம். 2004 டிசம்பர் 26 சுனாமியை நம் கரையோர ஊர்கள் மறக்க முடியாது. அதற்குப் பிறகு ஆரோவில்லில் உபாசனா என்ற துணி வடிவமைப்பு நிறுவனம் மீனவப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தது. தையலில் மிச்சமாகும் துண்டுத் துணியில் விரல் அளவுக்கு ஒரு சின்னப் பொம்மை. பெயர் சுனாமிகா. அதை விற்பதில்லை, அன்பளிப்பாகத்தான் கொடுப்பார்கள். நன்கொடை வந்தது, செய்த பெண்களுக்குக் கூலி கிடைத்தது. பொம்மை பல நாடுகளுக்குப் போனது. குப்பைக்குப் போக வேண்டிய துணி, கடலைப் பார்க்கவே பயந்த பெண்களின் கையில் ஒரு பொம்மையாக எழுந்து நின்றது. துணி ஒருத்தருடையது, யோசனை ஒருத்தருடையது, கை நூற்றுக்கணக்கான பெண்களுடையது. அதில் யாராவது ஒருத்தரை எடுத்துவிட்டால் சுனாமிகா இல்லை.

வலை பின்னும் விளையாட்டு

இன்னொரு ஆராய்ச்சியையும் சொல்கிறோம். 2013-ல் பிரான்ஸ் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் கம்ப்யூட்டரில் ஒரு விளையாட்டு வைத்தார்கள். ஆட்களை 2 பேர், 4 பேர், 8 பேர், 16 பேர் என்று குழுவாகப் பிரித்தார்கள். வேலை இரண்டு. ஒன்று அம்பு முனை செய்வது, அது சுலபம். இன்னொன்று மீன் வலை பின்னுவது, அது கஷ்டம். எப்படிச் செய்வது என்று முதலில் காட்டினார்கள். பிறகு குழுவில் ஒருத்தர் செய்ததை இன்னொருத்தர் பார்த்துக் கற்கலாம்.

என்ன நடந்தது? சின்னக் குழுக்களில் வலை பின்னும் வித்தை தேய்ந்து போனது. ஒருத்தர் மறந்தால் ஞாபகப்படுத்த ஆள் இல்லை. பெரிய குழுக்களில் வித்தை நின்றது.

கரையோரத்துச் சகோதரிகளுக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டாம். வலை பின்னத் தெரிந்தவர் ஊரில் ஒரே ஒருத்தர் என்றால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். நாங்கள் சொல்ல வருவது இதுதான்: கோலத்தை ஒளித்து வைத்தால் பாதுகாப்பு என்று நினைக்கிறோம். ஒளித்து வைத்தது ஒரு கையோடு போய்விடும். நாலு பேர் கையில் இருந்தால்தான் அது வளரும். கூட்டமைப்பு எதற்கு? கடன் வாங்க மட்டுமா? வித்தை கைமாறவும்தான்.

எங்கள் தவறையும் சொல்ல வேண்டும்

களத்து மேட்டில் அந்த அக்கா எங்களைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார். "போன வருஷம் நீங்க ஒரு பேப்பர் கொண்டாந்து, இந்த டிசைன்லதான் தைக்கணும்னு சொன்னீங்களே. அது யாருது? அவங்களுக்கு எவ்வளவு குடுத்தீங்க? என் கோலத்துக்கு மட்டும் ஏன் யாரும் ஒண்ணும் குடுக்கல?"

எங்களிடம் பதில் இல்லை. நகரத்தில் ஒருவர் வரைந்த டிசைனுக்குக் கூலி கொடுத்தோம். அதே பையில் நம் உறுப்பினர் போட்ட கோலத்தைத் தையல் கூலிக்குள் சேர்த்துவிட்டோம். காகிதத்தில் வரைந்தால் படைப்பு, வாசலில் வரைந்தால் வழக்கம் என்று நாங்களே நினைத்திருக்கிறோம். சமூகப் பணி படித்த எங்களுக்கே அந்த அக்கா சொல்லித்தான் இது புரிந்தது. அவரிடம் மன்னிப்புக் கேட்டோம். இங்கேயும் கேட்கிறோம்.

முடிவு என்ன?

இரண்டு குழுவும் பேசி, கூட்டமைப்பின் தீர்மானப் புத்தகத்தில் எழுதிய முடிவுகள் இவை. மற்றக் குழுக்களும் பேசிப் பார்த்து உங்கள் கருத்தைச் சொல்ல வேண்டும்.

1. கூட்டமைப்பில் ஒரு கோல நோட்டு வைப்போம். கோலம், யார் கொடுத்தது, யாரிடம் கற்றது, அவர் என்ன மாற்றினார் என்ற நான்கும் எழுதப்படும். எழுதத் தெரியாதவர்களுக்கு ஊக்குநர் எழுதித் தருவார். அம்மா பெயரையும் பாட்டி பெயரையும் தைரியமாகச் சொல்லுங்கள்.

2. நோட்டில் உள்ள கோலத்தை நம் கூட்டமைப்பின் எந்தக் குழுவும் எந்தத் தெருவும் தைக்கலாம். அனுமதி கேட்டு நிற்க வேண்டியதில்லை. ஆனால் கோலம் கொடுத்தவர் பெயர் பையின் அட்டையில் இருக்க வேண்டும்.

3. ஒரு கோலத்தை வைத்து மற்றொரு குழுவுக்கு முதல் ஆர்டர் வந்தால், பைக்கு 2 ரூபாய் கோலம் கொடுத்தவருக்குப் போகும். அதற்குப் பிறகு இல்லை.

4. ஒரே கோலத்துக்கு இரண்டு விலை கிடையாது. விலையைக் கூட்டமைப்பு வைக்கும். நம்மை நாமே வெட்டிக்கொண்டால் லாபம் கடைக்காரருக்குத்தான்.

5. வெளியாள் யாராவது கோலத்தைப் படம் பிடித்து வியாபாரத்துக்குக் கேட்டால், தனியாக யாரும் கொடுக்கக் கூடாது. தீர்மானம் போட்டுத்தான் கொடுக்க வேண்டும்.

பவானிக்காரர்கள் சேர்ந்து உரிமை வாங்கியதைச் சொன்னோம் அல்லவா? நம்முடையது சட்டம் இல்லை. ஒரு நோட்டும் ஒரு பேச்சும்தான். ஆனாலும் குழு ஆரம்பித்த காலத்தில் நம் சேமிப்பும் ஒரு நோட்டும் ஒரு பேச்சுமாகத்தானே இருந்தது?

அந்த அக்கா இப்போது கூட்டத்துக்கு வருகிறார். சேமிப்பு நின்ற மூன்று கூட்டத்துக்கும் சேர்த்துக் கட்டிவிட்டார். தங்கச்சியோடு இன்னும் பேச்சு இல்லை. அவசரப்படுத்த மாட்டோம். ஆனால் நோட்டின் முதல் பக்கத்தில் இரண்டு கோலமும் இருக்கிறது. மேலே மரக்காணத்து அம்மா பெயர், அதன் கீழே "வால் வைத்தது" என்று அக்கா பெயர், அதற்கும் கீழே "ரெட்டைக் கம்பி" என்று தங்கச்சி பெயர். அதன் கீழே நிறைய இடம் காலியாக விட்டிருக்கிறோம். அடுத்து மாற்றப் போகிறவருக்காக.



குழுக் கூட்டத்தில் பேசிப் பார்க்க:

* உங்களுக்குத் தெரிந்த கோலத்தில் ஒன்றை யாரிடம் கற்றீர்கள்? அதில் நீங்கள் மாற்றியது என்ன?
* உங்கள் ஊரில் ஒரே ஒருவருக்கு மட்டும் தெரிந்த கைவேலை ஏதாவது இருக்கிறதா? அவரிடம் கற்க யார் போகப் போகிறீர்கள்?
* மேலே சொன்ன 5 முடிவுகளில் எது உங்களுக்குச் சரியாகப் படவில்லை? ஏன்?